எண்பதுக்குக் கீழே இருட்டு

துண்டை எடுத்துருங்கண்ணா. எனக்கு ஒண்ணுமில்லீங்க. நிசமாத்தான் சொல்றேன். இப்பத்தான் சிங்காநல்லூர்ல டாக்டரம்மாவைப் பாத்துட்டு பஸ் ஏறினோம். நெஞ்சுல ஒண்ணுமே இல்லைன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. நீங்க உக்காந்ததும் என் மடியில இருக்கற எக்ஸ்ரே கவரைப் பாத்தீங்க, என் மூஞ்சியைப் பாத்தீங்க, துண்டை இழுத்து மூக்குல வெச்சுக்கிட்டீங்க. நான் தப்பா நினைக்கலைங்க. ரெண்டு வாரமா நானே என்னைப் பாத்து அப்படித்தான் ஒதுங்கிக்கிட்டு இருந்தேன்.

"பூங்கொடி, தண்ணி குடி புள்ள. கண்ணாடியை இழுத்து விடு, எதிர்காத்து அடிக்குது பாரு."

திறந்தே இருக்கட்டுமாங்களா? சரிங்கண்ணா. "திறந்தே வெய்யி, அண்ணனுக்குக் காத்து வேணுமாமா."

இது என் சம்சாரம். பல்லடத்துக்கிட்ட ஒரு நூல் மில்லுல ப்ளோரூம்ல வேலை. பஞ்சுப் பேலை உடைச்சு, உதறி, மிஷினுக்கு விடற எடம்ங்க அது. கண்ணாலத்துக்கு முன்னாடியிருந்தே அங்கதான், பதினோரு வருசம் ஆச்சு. என் பேரு லோகநாதன். நான் பண்றது கேமரா வேலைங்க. கண்ணாலத்துக்கு எடுக்கற கேமரா இல்லீங்க. மில்லுல பஞ்சு குழாய்க்குள்ள காத்தோட காத்தாப் பறந்து போகும். அதை ஒரு கேமரா பாத்துக்கிட்டே இருக்கும். பஞ்சுக்குள்ள தலைமுடி, சணல் நாரு, கோழி இறகு, காஞ்ச இலைன்னு எதாச்சும் வந்துச்சுன்னா, பக்கத்துல இருக்கற காத்துக் குழல் ஒரு ஊது ஊதி அதை மட்டும் வெளிய தள்ளிரும். எதைத் தள்ளணும்னு கேமராவுக்குச் சொல்லித் தரணுமில்லீங்களா, அந்தப் புரோகிராம் எழுதறவன் நான்.

கஷ்டமான வேலைன்னு நினைச்சுக்காதீங்க. படம்னா என்னங்க, புள்ளிதான். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பரு. சுத்தக் கறுப்புன்னா சைபரு. சுத்த வெள்ளைன்னா இருநூத்தி அம்பத்தஞ்சு. மத்ததெல்லாம் நடுவுல. நாம ஒரு எல்லை வெக்கறோம். நான் எண்பது வெச்சிருக்கேன். எண்பதுக்குக் கீழ இருந்தா அது இருட்டு. பக்கத்துப் பக்கத்துல இருக்கற இருட்டுப் புள்ளியெல்லாம் ஒண்ணாச் சேத்து, இத்தனை பெருசுன்னு அளந்து, அதைச் சுத்தி ஒரு செவப்புக் கட்டம் போட்டுரும். அவ்வளவுதான். வெள்ளை நல்லது, கறுப்பு கழிவு. என் பொழப்பே இந்த ஒரு வரிதான்னு வைங்களேன்.

ஒரே ஒரு தொந்தரவு உண்டு. வெள்ளைச் சாக்குல இருந்து பிரிஞ்சு வர்ற பிளாஸ்டிக் நாரு. அதுவும் வெள்ளை, பஞ்சும் வெள்ளை. நம்ம புரோகிராம் இருட்டைத்தான் தேடும். வெள்ளைக்குள்ள வெள்ளை இருந்தா அதுக்குக் கண்ணே கிடையாது. துணிக்குச் சாயம் போட்டதுக்கப்புறம் அது மட்டும் சாயம் ஏறாம நிக்குதுன்னு மில் மேனேஜரு போன் போட்டு வைவாரு. அதுக்கு வேற கேமரா வேணும், எங்க ரேட்டுல அது வராதுங்க. நான் அதைப் பத்தி நினைக்கறதே இல்லை.

கார்த்திகையில ஆரம்பிச்சுதுங்க இந்தக் கெரகம். அவ வேலை பாக்கற மில்லுலயே எங்க கேமராவை மாட்டச் சொல்லி ஆர்டர் வந்துச்சு. நான்தான் போனேன். கார்த்திகை, மார்கழி, தை, மூணு மாசம் ப்ளோரூமுக்குள்ளயே குடியிருந்தேன். அந்தத் தூசியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. காலையில உள்ள போனா மத்தியானத்துக்குள்ள புருவம், மீசை, காது மயிரெல்லாம் வெளுத்து எழுவது வயசுக் கிழவனாட்ட ஆயிருவோம். நான் ரெண்டு மாஸ்க் போட்டுக்குவேன், ஒண்ணுக்கு மேல ஒண்ணு. அங்க வேலை பாக்கற பொம்பளைங்க கர்சீப்பைக் கட்டிக்கிட்டு இருப்பாங்க. சிலரு அதுவும் இல்லை. அவங்களுக்கு என்னங்க, பழகுன ஒடம்பு. நாம ஏசியில உக்காந்து வேலை பாக்கறவங்க. மூணு மாசம்னா சும்மாவா?

பொங்கலுக்கு எனக்கு இருமல் வந்துச்சு. ஒரு வாரம் இருந்துச்சு. மொளகும் பனங்கல்கண்டும் தட்டிப் போட்டுப் பாலு காச்சிக் குடுத்தா, போயிருச்சு.

அவளுக்குங்களா? அவளுக்கு அது எப்பவும் இருக்கறதுதாங்க. மில்லு இருமல். அதை யாரும் கணக்குல எடுத்துக்கறதில்லை. பாருங்க, இப்பவும்.

"முந்தானையை வாயில வெச்சுக்க புள்ள. அண்ணன் பாவம்."

மாசியில எங்க கம்பெனியில எல்லாருக்கும் ஒடம்பு பரிசோதனை வெச்சாங்க. ரத்தம், சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே. எக்ஸ்ரே படம் செல்லுக்கு வந்துருச்சு, பிலிமைக் கவர்ல போட்டுக் குடுத்தாங்க, ரிப்போர்ட்டு பின்னால வரும்னாங்க. வரவே இல்லை. மத்தியானம் சோறு தின்னுட்டு சும்மா உக்காந்திருந்தேன். படத்தைத் திறந்து பாத்தேன். ஒண்ணும் புரியலை. நமக்குப் புரியாட்டி என்ன, நம்ம புரோகிராம் இருக்குதேன்னு, படத்தை எடுத்து அதுல போட்டுட்டேன்.

சிரிக்காதீங்கண்ணா. நீங்களா இருந்தாலும் போட்டுப் பாத்திருப்பீங்க. தையக்காரன் எதைப் பாத்தாலும் அளவெடுப்பான், அந்த மாதிரிதான்.

ரெண்டு கட்டம் வந்துச்சு. செவப்புக் கட்டம். எடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. சின்னது இல்லீங்க, நெஞ்சு முழுசும். ஒடம்புக்கு வெளிய இருக்கற கறுப்பை நான் கழிச்சுட்டேன், அது கூடத் தெரியாதவன் இல்லை. ஒடம்புக்குள்ள மட்டும் முப்பத்தெட்டு சதம் இருட்டு. மில்லுல ஒரு சதம் இருட்டு வந்தாலே மணி அடிச்சு மிஷினை நிறுத்திருவோம். முப்பத்தெட்டு. நடுவுல இதயம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு. அதாச்சும் தப்பிச்சுதேன்னு நினைச்சேன்.

எனக்கு வேர்த்துருச்சு. ஏசி ஓடுது, சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. பக்கத்து சீட்டுல ஃபெலிக்ஸ்னு ஒரு பையன், என்னாச்சுண்ணான்னு கேட்டான். மடக்குனு ஸ்க்ரீனை மூடிட்டேன். மூணு மாசத் தூசி உள்ள போயி அடைஞ்சிருக்குது, அதுதான் இதுன்னு முடிவு பண்ணிட்டேன். பஞ்சு வெள்ளைதானே, அது எப்படிக் கறுப்பாத் தெரியும்னு மட்டும் எனக்குத் தோணவே இல்லை பாருங்க. பயம் வந்தா மூளை வேற வழியில போயிருதுங்க.

அப்புறம் அந்த எண்பதை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு. எண்பதை அறுபதாக் குறைச்சா இருட்டு கொஞ்சம் சுருங்கும். நாப்பதுக்கு வந்தா இன்னும் சுருங்கும். அப்ப மனசு லேசாகும், ஒரு டீ குடிப்பேன். டீ டம்ளரை வெக்கறதுக்குள்ள தெரிஞ்சுரும், சுருங்கினது நோயில்லை, நான் எல்லையைத்தான் நகர்த்தியிருக்கேன்னு. மறுபடியும் எண்பது. மறுபடியும் நெஞ்சு முழுக்கக் கட்டம். இதே வேலையா இருந்தேனுங்க. கம்பெனி வேலை ஒண்ணும் ஓடலை. மாடிப்படி ஏறினா பாதியில நின்னு மூச்சைக் கவனிப்பேன். வெளிய போற மூச்சு பூராப் போகுதா, உள்ள வர்றது அடி வரைக்கும் எறங்குதா. கவனிக்கக் கவனிக்க மூச்சு எப்படி விடறதுன்னே மறந்து போச்சு. சொல்லப்போனா, ஒரு நாள் ரோட்டுல நின்னு ஒரு கம்பத்தைப் புடிச்சுக்கிட்டேன். குடிகாரன்னு நினைச்சு ஒரு பாட்டி ஒதுங்கிப் போச்சு.

டாக்டர்கிட்ட அன்னைக்கே போயிருக்கலாம்தான். போனா உறுதி ஆயிரும் இல்லீங்களா? உறுதி ஆகாத வரைக்கும் இன்னொரு நாள் இருக்குது. இது உங்களுக்குப் புரியும், உங்க வயசுக்குப் பாத்திருப்பீங்க.

இவகிட்டச் சொன்னேன். சொல்லாம முடியலை. துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. செல்லுல அந்த ரெண்டு கட்டத்தையும் காமிச்சேன். கையில இருந்த துணியை அப்படியே மடியில வெச்சுக்கிட்டுப் பாத்தா. அப்புறம் ரெண்டே ரெண்டுதான் கேட்டா, எனக்குச் சாயங்காலத்துல காச்சலடிக்குதான்னு. இல்லைன்னேன். ராத்திரி வேர்க்குதான்னா. அதுவும் இல்லைன்னேன். சரிங்கன்னா. அவ்வளவுதான். இவளுக்கு எதுவும் சட்டுனு ஒறைக்காதுங்க. நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன், இவ காச்சலடிக்குதான்னு கேக்கறா.

ஆனா கவனிப்புன்னா கவனிப்புங்க, அதைச் சொல்லணும். மறு நாளே பாப்பாவைக் கொண்டுபோயி எங்க மாமியா வீட்டுல விட்டுட்டா. நான் அலுங்காம ரெஸ்ட் எடுக்கட்டும்னு. எனக்குத் தோணவே இல்லை, அவளே யோசிச்சுப் பண்ணுனா. அவளுக்குன்னு தனித் தட்டு, தனி டம்ளரு எடுத்து வெச்சுக்கிட்டா. அவ தின்ன தட்டைச் சுடுதண்ணியில தனியாக் கழுவுவா. எனக்கு எதுவும் ஒட்டக்கூடாதுன்னு அவ்வளவு கவனம். நான் வேற சொல்லியிருந்தேன், நீ இருமறது என் ஒடம்புக்கு ஆகாது, ஏற்கெனவே நெஞ்சு கெட்டுக் கெடக்குதுன்னு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசலைங்க. பாயை எடுத்துட்டு ஹால்ல போயி ஜன்னலுக்குக் கீழ படுத்துக்கிட்டா.

கவலை அவளுக்கும்தான். வாய்விட்டுச் சொல்லாட்டியும் ஒடம்பு காட்டுமில்லீங்களா. எனக்காக யோசிச்சு யோசிச்சே எளைச்சுப் போயிட்டா. ஜாக்கெட்டெல்லாம் புடிச்சுத் தெச்சா. கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது. பாக்கறவங்க நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க, முந்தியெல்லாம் கொஞ்சம் பூசுன ஒடம்பு.

"என்ன புள்ள? அண்ணன்கிட்ட என்ன சொன்னே?"

கேட்டீங்களாண்ணா? துண்டைக் கட்டிக்கங்கன்னு உங்ககிட்டச் சொல்றா. நான் எடுக்கச் சொல்றேன், இவ கட்டிக்கச் சொல்றா. டாக்டரம்மா சொன்னதுல இன்னும் இவளுக்கு நம்பிக்கை வரலை போலிருக்குது. புருசன் மேல அவ்வளவு பயம்.

ஒரு யோசனை வந்துச்சுங்க எனக்கு. எங்க வேலையில எதையும் தனியா வெச்சுப் பாத்து முடிவு பண்ண மாட்டோம். முதல்ல நல்ல பஞ்சு, கலப்படமே இல்லாத பஞ்சு, அதைப் படம் புடிச்சு வெச்சுக்குவோம். அதோட ஒப்பிட்டாத்தான் எது கெட்டதுன்னு தெரியும். அதனால இவகிட்டச் சொன்னேன், நீ ஒரு எக்ஸ்ரே எடு, உன் நெஞ்சு நல்ல நெஞ்சு, அதை வெச்சு என்னுதை ஒப்பிட்டுப் பாக்கலாம்னு. எடுக்கலாமுங்கன்னு ஒடனே சொன்னா. அவ்வளவு வேகமா இவ எதுக்கும் சரின்னு சொல்லி நான் பாத்ததில்லை. எப்பங்க, நாளைக்கேவாங்கன்னு கேட்டா. செருப்பைக் கூடத் தொடச்சு வாசல்ல எடுத்து வெச்சா. அப்புறம் எனக்குத்தான் பயம் வந்துருச்சு. அவளுது வெள்ளையா வந்து என்னுது மட்டும் கறுப்பா நின்னுச்சுன்னா என்ன பண்றது? வேண்டாம், விடுன்னுட்டேன். ரெண்டு மூணு தடவை கேட்டா, போலாமுங்களா, போலாமுங்களான்னு. வேண்டாம்னு சத்தம் போட்டேன். அப்புறம் கேக்கலை.

இப்படியே எத்தனை நாளைக்கு? நேத்துக் காலையில மில்லுக்குப் போகாம நின்னுக்கிட்டா. என்னன்னேன். நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம், நீங்க வராட்டி படத்தை நான் எடுத்துட்டுப் போறேன்னா. சத்தமே இல்லை, ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டே சொல்றா. சரின்னுட்டேன். ராத்திரி பூராக் கண்ணு மூடலை. பாப்பா மூஞ்சி வந்து வந்து போகுது.

காலையில டாக்டரம்மா ரூமுக்குள்ள போயிக் கவரை நீட்டினேன். படத்தை வெளிச்சத்துல மாட்டுனாங்க. நான் நாற்காலி நுனியில உக்காந்துக்கிட்டு, முப்பத்தெட்டு சதம்ங்க, ரெண்டு பக்கமும்ங்கன்னு சொல்லிட்டேன். எதுல முப்பத்தெட்டுன்னாங்க. இருட்டுங்கன்னேன். புரோகிராம், எண்பது, கட்டம், எல்லாம் ஒப்பிச்சேன். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சுட்டு என்னையே பாத்தாங்க. சிரிக்கவும் முடியாம, வையவும் முடியாம.

"தம்பி, அந்தக் கறுப்பு பூராக் காத்து. எக்ஸ்ரேயில காத்து கறுப்பாத்தான் இருக்கும். நுரையீரல்னு ஒண்ணு இருக்கற எல்லாருக்கும் அப்படித்தான். அதுக்குள்ள வெள்ளையா ஏதாச்சும் தெரிஞ்சாத்தான் நாங்க பயப்படுவோம்."

காத்து. நான் ரெண்டு வாரமாப் பயந்தது என் மூச்சுக் காத்தைப் பாத்துங்கண்ணா. ஃபெலிக்ஸ்கிட்டச் சொன்னா வருசம் பூரா வெச்சு ஓட்டுவான்.

ஆனா பாருங்க, சந்தோசம் அந்த ரூம் வாசல் வரைக்கும்தான் வந்துச்சு. வெள்ளையா இருந்தாத்தான் பயம்னு சொன்னாங்களே. என் புரோகிராம் வெள்ளையைப் பாக்காது. அப்ப ரெண்டு வாரமா நான் தப்பான எடத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன், வெள்ளை பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பலை. இப்ப பஸ்ஸுல உக்காந்ததுல இருந்து செல்லுல படத்தைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாக்கறேன். நீங்களே பாருங்கண்ணா, இந்த எலும்புக்குக் கீழ, இங்க, ஒரு வெளுப்புத் தெரியுதில்லீங்களா? எலும்பா இது? எலும்பும் வெள்ளை, நோயும் வெள்ளை. அவங்க அரை நிமிசம்தான் பாத்தாங்க. அரை நிமிசத்துல என்னங்க தெரியும்? அதுவும் பாதிக் கவனம் வெளிய இருந்துச்சு.

ஆமாங்க, வெளிய. அதை ஏன் கேக்கறீங்க. நான் என் நெஞ்சைப் பத்திக் கேட்டுக்கிட்டு இருக்கேன், அந்தம்மா வெளிய இருமறது யாருன்னு கேட்டாங்க. என் சம்சாரம்னேன். கூப்பிடுங்கன்னாங்க. உள்ள வந்தா. எத்தனை நாளா இருமல்னு இவகிட்டக் கேட்டாங்க. இவ வாயைத் திறக்கறதுக்குள்ள நானே சொல்லிட்டேன், அது மில்லு தூசிங்க, அவளுக்கு ஒண்ணுமில்லை, என்னுதை இன்னொரு தடவை பாருங்கன்னு. அந்தம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. புருசனை வெளிய நிறுத்தி வெச்சுட்டுப் பொண்டாட்டிகிட்ட என்னங்க பேச்சு? என்கிட்ட அரை நிமிசம், இவகிட்ட எத்தனையோ நேரம். வெளிய வர்றப்ப இவ கையில ஒரு சீட்டு. இவளுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கணுமாமா, சளியை எடுத்துப் பரிசோதனை பண்ணணுமாமா. எனக்கு ஒண்ணுமில்லைன்னு ஆனதும் அடுத்த ஆளைப் புடிக்கறாங்க பாருங்க. அனுப்பற ஆளுக்கு இத்தனைன்னு எக்ஸ்ரே கடையில கமிசன் போகுமில்லீங்களா?

எங்க எடுக்கச் சொன்னாங்களா? அது… சூலூர் ஆஸ்பத்திரியில. கவர்மென்ட்டு ஆஸ்பத்திரிதான்.

ஆமாங்க, அங்க காசு வாங்க மாட்டாங்க. அப்ப கமிசன் எங்க இருந்து வரும்ங்கறீங்க. அது சரிதான். அப்ப எதுக்கு அனுப்பறாங்க?

இருமல்ங்களா? சொன்னேனே, எப்பவும் இருக்கறதுன்னு. இல்லைங்கண்ணா, எப்பவும்னா… முந்தியெல்லாம் திங்கக்கிழமை வேலைக்குப் போனா வரும், ரெண்டு நாள்ல போயிரும். இப்படி விடாம இருமறது தீபாவளிக்கு அப்புறம்தான். நான் கேமரா மாட்டப் போனப்பவே இருந்துச்சு. சத்தம் காதுல விழுந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ப்ளோரூம்ல மிஷின் சத்தத்துக்கு மேலயும் இவ இருமறது தனியாக் கேக்கும். எங்க ஆளுங்க கூடக் கேட்டாங்க, அது யாருன்னு.

காச்சலா? காச்சலெல்லாம் இல்லை. சாயங்காலம் ஆனாப் போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்துக்குவா. இந்தப் பங்குனி வெயில்ல போர்வை எதுக்குன்னு நானே கேட்டிருக்கேன். சும்மாதாங்கன்னா. காலையில பாத்தாத் தலகாணி ஈரமா வெயில்ல கெடக்கும். தலைக்குக் குளிச்சுட்டுப் படுத்திருப்பான்னு நினைச்சேன்.

எளைச்சது எனக்காகக் கவலைப்பட்டுத்தாங்க. ரெண்டு வாரமா. இல்லை, ஜாக்கெட்டுப் புடிச்சுத் தெச்சது பொங்கலுக்கு முன்னாடி. அப்ப எனக்கு எக்ஸ்ரேயே எடுக்கலை. அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லை.

அண்ணா, நீங்க ஏன் என்கிட்டக் கேட்டுட்டு அவளையே பாக்கறீங்க?

உங்க மச்சானுக்கா? டி.பி.யா? ஆறு மாசம் மாத்திரையா? இப்ப நல்லா இருக்கறாருங்களா? மாடு கண்ணு பாத்துக்கிட்டு? சரிங்க. மாத்திரையை நடுவுல நிறுத்தக்கூடாதா? சரிங்க. லேட்டாப் போனதுனால கஷ்டப்பட்டாரா. எவ்வளவு லேட்டுங்க? வேண்டாம், சொல்லாதீங்க.

எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆகுதுங்கண்ணா. தொட்டுப் பாருங்க. அப்ப அது எனக்கும் தொத்தியிருக்குமாங்க? ஒரே ரூம்லதான் இருந்தோம், மாசி வரைக்கும். பாப்பாவும் கூடத்தான் படுத்திருந்தா. பாப்பாவை இவ அங்க கொண்டுபோயி விட்டது அதுக்காகவா? எனக்கு ரெஸ்ட்டுன்னு இல்லையா? தட்டு, டம்ளரு, எல்லாம்… இவளுக்குத் தெரியுமா அப்ப? தெரிஞ்சுதான் பண்ணுனாளா?

"எங்க புள்ள எந்திரிக்கறே? இது சூலூரு. நமக்கு டிக்கெட்டு பல்லடத்துக்கு."

"தெரியுமுங்க. கொஞ்சம் காலை நகத்துங்க."

"இப்பவேவா? வீட்டுக்குப் போயிட்டு, சோறு தின்னுட்டு, நாளைக்கு…"

"சளி குடுக்கணும்னுதான் வெறும் வயித்தோட வந்திருக்கேனுங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு தெரியட்டும்னு இருந்தேன். வீட்டுல ஒருத்தரு பயந்தாப் போதாதுங்களா? தெரிஞ்சு போச்சுல்ல. வழி விடுங்க."

அண்ணா, கொஞ்சம் எந்திரிங்க, அவ போகட்டும். இல்லை, நானும் எறங்கறேன். "கண்டக்டரண்ணா, விசில் அடிச்சுராதீங்க, ஆள் எறங்குது." என் செருப்பு ஒண்ணு சீட்டுக்கடியில போயிருச்சு. குனிய முடியலைங்க, தலை சுத்துது. இருங்க, காலுக்குத் தட்டுப்படுது.

அங்க பாருங்கண்ணா. ரோட்டைத் தாண்டிட்டா. பெரிய கேட்டுல அத்தனை பேரு நிக்கறாங்க, அவ அந்தப் பக்கம் போகலை. மருந்துக் கடையை ஒட்டி ஒரு சந்து இருக்குது, அதுக்குள்ள நுழையறா. உள்ள ஒரு சின்னக் கேட்டு இருக்குது பாருங்க, அதைத் தள்ளித் திறக்கறா. நாங்க இந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்லீங்க. ஒரு தடவை கூட வந்ததில்லை.

அவ ஒருத்தர்கிட்டயும் வழி கேக்கலைங்கண்ணா.